பழைய பிக்கப், தானியங்கி கியர்பெட்டி: பாட்டிலைத் திறப்பதற்கு முன் பார்க்க வேண்டியவை

கை மாறி வந்த பழைய பிக்கப்பில் கியர் மாறும்போது கொஞ்சம் வழுக்கினால், பெரும்பாலோர் முதலில் ஒரு பாட்டில் திரவம் வாங்கி உள்ளே ஊற்றுகிறார்கள். நானும் அதையே செய்தேன். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது, கியர்பெட்டி இன்னும் சூடாகவில்லை. திரவ அளவைக் காட்டும் குச்சியில் ஈரம் மேல்கோட்டைத் தொடாததைப் பார்த்துக் கோடு வரை நிரப்பிவிட்டேன். இருபது கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தியபோது, கியர்பெட்டியின் மூச்சுக்குழாய் வழியே நுரை பொங்கி, கொதிக்கும் புகைக்குழாயின் மேல் சொட்டிப் புகைந்துகொண்டிருந்தது. தீப்பிடிக்காதது அதிர்ஷ்டம். வழுக்கலுக்குக் காரணம் தளர்ந்துபோன ஒரு கேபிள். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

இன்னொரு குழப்பத்தை முதலிலேயே தீர்த்துக்கொள்வோம். பேச்சில் எல்லாவற்றையும் ‘கியர் ஆயில்’ என்றுதான் சொல்கிறோம். ஆனால் கடையில் அந்தப் பெயரைச் சொன்னால் கையில் கிடைப்பது டிஃபரன்ஷியலுக்கும் சாதாரணக் கியர்பெட்டிக்கும் உரிய கெட்டியான எண்ணெயாக இருக்கலாம். தானியங்கிப் பெட்டிக்குள் போவது ஏடிஎஃப், அதாவது தானியங்கிக் கியர்பெட்டிக்கென்றே உள்ள திரவம். மெல்லியது, பெரும்பாலும் சிவப்பு நிறத்தது. பற்சக்கரங்களுக்கு வழவழப்புத் தருவதோடு, அழுத்தத்தைக் கடத்திக் கிளட்ச்சுகளைப் பிடிக்க வைப்பதும், சூட்டை வெளியேற்றுவதும் அதே திரவம்தான். அதனால்தான் அதன் கோளாறு இத்தனை வேஷங்களில் வருகிறது.

முதலில் குச்சியை ஒழுங்காகப் படியுங்கள்

எந்த அறிகுறியாக இருந்தாலும் தொடக்கம் இதுதான். 20–25 கிலோமீட்டர் ஓட்டிவிட்டுச் சமதளத்தில் நிறுத்துங்கள். நின்ற இடத்திலேயே எஞ்சினை ஓடவிட்டால் எஞ்சின்தான் சூடாகும். கியர்பெட்டி அவ்வளவு எளிதில் சூடாகாது. குச்சியில் ‘சூடு’ என்று குறித்த பகுதி, திரவம் ஏறத்தாழ 75–80 டிகிரி செல்சியஸில் இருக்கும்போதுதான் பொருந்தும். திரவம் சூட்டில் விரியும் என்பதைத்தான் நான் அன்று மறந்திருந்தேன்.

கைபிரேக்கை இழுத்து, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, கால் பிரேக்கை மிதித்தபடி கியர் நெம்புகோலை ஒவ்வொரு நிலையிலும் இரண்டு மூன்று விநாடி நிறுத்தி, ‘பார்க்’ (P) நிலைக்குத் திரும்புங்கள். எஞ்சினை அணைக்காமல் குச்சியை உருவி, நூல் பிரியாத துணியால் துடைத்து, முழுவதும் செருகி, மீண்டும் உருவிப் பாருங்கள். இரு பக்கமும் வெவ்வேறு உயரம் காட்டினால் தாழ்ந்த பக்கத்தை நம்புங்கள். உயர்ந்த பக்கத்தில் தெரிவது குழாய்ச் சுவரில் உரசி ஒட்டிய ஈரம். புதிதாக ஊற்றிய உடனே பார்த்தாலும் இந்த ஏமாற்று நடக்கும். ஐந்து நிமிடமாவது விடுங்கள்.

விதிவிலக்கு உண்டு. பழைய டாட்ஜ் பிக்கப்புகளில் பார்க்கில் வைத்துப் பார்க்கக் கூடாது, நியூட்ரலில்தான் பார்க்க வேண்டும். அந்தப் பெட்டிகளில் பார்க்கில் இருக்கும்போது, எஞ்சினின் சக்தியைத் திரவத்தின் வழியே கியர்பெட்டிக்குக் கடத்தும் டார்க் கன்வர்ட்டருக்குத் திரவம் போவதில்லை. குச்சி சொல்லும் அளவு பொய்யாகிவிடும். எந்த நிலையில் பார்க்க வேண்டும் என்பது பல வண்டிகளில் குச்சியின் மேலேயே பொறித்திருக்கும். பழைய அழுக்கைச் சுரண்டினால் தெரியும்.

எஞ்சினை அணைத்துப் பார்ப்பது இங்கே எதற்கும் உதவாது. கன்வர்ட்டரிலும் குளிர்விப்பானிலும் இருக்கும் திரவம் கீழே வடிந்து அளவு கூடுதலாகத் தெரியும். குறையும் பெட்டியை ‘நிறைந்திருக்கிறது’ என்று நம்பி ஓட்டியவர்கள் பலர்.

ஊற்ற வேண்டியிருந்தால் கால் கால் லிட்டராக ஊற்றுங்கள். எஞ்சின் ஆயில் குச்சியில் இரண்டு கோட்டுக்கு நடுவே ஏறக்குறைய ஒரு லிட்டர் என்ற பழக்கம் நமக்கு இருக்கிறது. பல கியர்பெட்டிகளில் அந்த இடைவெளி அரை லிட்டர்தான். கூடிவிட்டால் ‘இருக்கட்டும்’ என்று விடாதீர்கள். குச்சிக் குழாய்க்குள் மெல்லிய பிளாஸ்டிக் குழாயை விட்டு, பெரிய ஊசிக்குழலால் உறிஞ்சி எடுத்துவிடலாம்.

குச்சியே இல்லாத வண்டிகளில் பக்கவாட்டிலோ அடியிலோ அளவுத் திருகு இருக்கும். கையேட்டில் சொன்ன வெப்பநிலையில் அதைத் திறந்தால் மெல்லிய இழையாக வழிந்து நிற்க வேண்டும். வெப்பநிலையை அளக்க வழி இல்லாதவர் அதைத் தொடாமல் இருப்பது நல்லது.

துளி என்ன சொல்கிறது

வெள்ளைக் காகிதக் கைக்குட்டையில் ஒரு துளி விடுங்கள். நல்ல திரவம் பரந்து ஊறி, இளஞ்சிவப்பு வட்டமாக நிற்கும். நடுவில் கரும்புள்ளி நின்று, சுற்றி நிறமற்ற வளையம் மட்டும் பரவினால் உராய்வுப் பட்டைகளின் தூள் நிறையக் கலந்திருக்கிறது என்று பொருள். விரல்களுக்கு இடையே தேய்த்துப் பாருங்கள். மணல் நெருடினால் கவலைக்குரியது.

நிறத்தை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதக் கூடாது. சிவப்பு வெறும் சாயம். எஞ்சின் ஆயிலோடு குழப்பிக்கொள்ளாமல் இருப்பதற்காகச் சேர்த்தது. கிறைஸ்லர் வண்டிகளுக்கான ஏடிஎஃப்+4 சீக்கிரமே கறுத்துவிடும். அதனால் கெட்டுவிட்டது என்று ஆகாது. ஆனால் கருகிய வாடை வேறு. தீய்ந்த ரொட்டியும் எரிந்த ரப்பரும் கலந்த அந்த நெடியை ஒருமுறை முகர்ந்தவர் மறக்க மாட்டார். அது வந்தால் எங்கோ கிளட்ச் வழுக்கி வெந்திருக்கிறது.

வாங்குவதற்கு முன் பார்க்கிறீர்கள் என்றால் இன்னொன்று: மூன்று லட்சம் கிலோமீட்டர் ஓடிய வண்டியில் திரவம் மட்டும் செர்ரிப் பழம் போலப் பளபளத்தால் மகிழ வேண்டாம். எப்போது மாற்றினீர்கள், ஏன் மாற்றினீர்கள் என்று கேளுங்கள். வண்டியை முன்கூட்டியே ஓட்டிச் சூடேற்றி வைக்காமல், ஆறிய நிலையிலேயே காட்டச் சொல்லுங்கள். பல நோய்கள் முதல் ஐந்து நிமிடத்தில்தான் முகம் காட்டும்.

அறிகுறி: காலையில் டிரைவில் போட்டதும் வண்டி நகர யோசிக்கிறது

இரண்டு மூன்று நாள் நின்ற வண்டி, முதல் முறை மட்டும் சில விநாடி தாமதித்து, பிறகு நாள் முழுவதும் ஒழுங்காக ஓடினால், கன்வர்ட்டரில் இருந்த திரவம் பானுக்குள், அதாவது கியர்பெட்டியின் அடியில் உள்ள தட்டுக்குள் வடிந்துவிட்டது. பம்ப் அதை மீண்டும் நிரப்பும் வரை வண்டி காத்திருக்கிறது. எரிச்சல்தான், அவசரம் இல்லை. கிளப்பியதும் நியூட்ரலில் அரை நிமிடம் விட்டுப் பிறகு டிரைவில் போடுங்கள்.

ஒவ்வொரு முறையும் தாமதம் என்றால் கதை வேறு. அளவு குறைவு, அடைபட்ட ஃபில்டர், தேய்ந்த பம்ப், இறுகிப்போன ரப்பர் சீல்கள் என்ற வரிசையில் சந்தேகியுங்கள். ஆறியிருக்கும்போது தாமதம், சூடானதும் சரி என்றால் சீல்கள் விறைத்திருக்கின்றன. சூட்டில் கொஞ்சம் இளகியதும் பிடிக்கின்றன. சூடானதும் மோசமாகிறது என்றால், திரவம் மெலிந்ததும் எங்கோ அழுத்தம் கசிகிறது. இரண்டாவது வகை பெரும்பாலும் பெட்டியைப் பிரிப்பதில்தான் முடியும்.

ரிவர்ஸ் மட்டும் தயங்குகிறதா? பல பெட்டிகள் ரிவர்ஸில் மற்ற கியர்களைவிட அதிக அழுத்தம் கேட்கின்றன. அதனால் திரவக் குறைவு, ஃபில்டர் அடைப்பு போன்ற சின்னச் சங்கதிகளும் முதலில் ரிவர்ஸில் தெரியலாம். அளவு சரியாக இருந்தும் ரிவர்ஸ் அறவே விழவில்லை என்றால் திரவத்தை மறந்துவிடுங்கள்.

அறிகுறி: எஞ்சின் உறுமுகிறது, வண்டி போகவில்லை

ஆக்சிலரேட்டரை மிதித்தால் ஆர்பிஎம் முள் ஏறுகிறது, வேகமானி முள் சோம்பிக் கிடக்கிறது. இதுதான் வழுக்கல். இந்த நிலையில் ‘வீடு வரை போய்விடலாம்’ என்று ஓட்டும் ஒவ்வொரு கிலோமீட்டரும் உராய்வுப் பட்டையைச் சுரண்டித் தின்கிறது. ஓரமாக நிறுத்தி அளவைப் பாருங்கள்.

எல்லாக் கியரிலும் வழுக்கினால் எல்லாவற்றுக்கும் பொதுவான ஒன்றில் கோளாறு: அளவு, ஃபில்டர், பம்ப், அழுத்தம். வளைவில் திரும்பும்போதோ மேட்டில் ஏறும்போதோ மட்டும் வழுக்கினால் அளவு குறைவு என்று பந்தயமே கட்டலாம். திரவம் ஒரு பக்கம் சாய்ந்து, பம்ப் காற்றைக் குடிக்கிறது. காற்று கலந்த திரவம் நசுங்கும். நசுங்கும் திரவத்தால் கிளட்ச்சை அழுத்திப் பிடிக்க முடியாது. அளவு அதிகமாக இருந்தாலும் இதே கதிதான். சுழலும் பாகங்கள் திரவத்தில் முங்கி அதைக் கடைந்து நுரையாக்கிவிடும். ஆகவே வழுக்குகிறது என்று பார்க்காமல் இன்னொரு அரை லிட்டர் ஊற்றுவது நோயையே மருந்தாகக் கொடுப்பது போல.

ஒரே ஒரு கியரில் மட்டும் வழுக்கினால் அந்தக் கியருக்கு உரிய கிளட்ச்சோ, உருளையைச் சுற்றி இறுக்கிப் பிடிக்கும் பட்டையான பாண்டோ தேய்ந்திருக்கும். பழைய டார்க்ஃபிளைட் 727, ஃபோர்டு சி4, சி6 போன்றவற்றில் குறைந்தது ஒரு பாண்டையாவது வெளியிலிருந்தே திருகி இறுக்கலாம். கையேடு சொல்லும் இறுக்கம் வரை திருகி, பிறகு சொன்ன எண்ணிக்கைச் சுற்று தளர்த்திப் பூட்ட வேண்டும். அரைமணி நேர வேலை. இதைச் செய்து பார்க்காமலேயே பெட்டியை இறக்கியவர்களை எனக்குத் தெரியும்.

இனி அந்தக் கேபிள். ஜெனரல் மோட்டார்ஸின் 700-ஆர்4 போன்ற பெட்டிகளில், ஆக்சிலரேட்டரை எவ்வளவு மிதிக்கிறோம் என்பதைக் கியர்பெட்டிக்குச் சொல்வது ஒரு கம்பிதான். திராட்டில் வால்வு கேபிள் என்பார்கள். கியர் எப்போது மாற வேண்டும் என்பதோடு உள் அழுத்தம் எவ்வளவு என்பதையும் அது தீர்மானிக்கிறது. அது தளர்ந்தால் பெட்டி நாம் மெல்லத்தான் போகிறோம் என்று நினைத்து அழுத்தத்தைக் குறைக்கும். கியர்கள் சீக்கிரமாகவும் மொழுமொழுவென்றும் விழும். பாரத்தோடு மேட்டில் ஏறும்போதும் அதே குறைந்த அழுத்தம் என்பதால் கிளட்ச்சுகள் சில நாளிலேயே வெந்துவிடும். எஞ்சினில் கார்புரேட்டரையோ திராட்டில் பாடியையோ கழற்றி மாட்டியவர் இந்தக் கேபிளைத் திரும்பச் சரிசெய்யாமல் விட்டிருக்கலாம். பழைய வண்டி வாங்கியவர் குச்சிக்கு அடுத்தபடியாகப் பார்க்க வேண்டியது இதுதான்.

அறிகுறி: 65–80 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நடுக்கம்

சமவெளியில் சீராகப் போகும்போது, ஆக்சிலரேட்டரை லேசாகத் தொட்டால், வரிவரியாகக் கீறிய சாலை விளிம்பின் மேல் ஓடுவது போல ஓரிரு விநாடி அதிர்கிறது. பெரும்பாலானவர்கள் பிளக் மாற்றுவார்கள், டயர் சமன் செய்வார்கள், பிறகு அலுத்துப்போய் ரேடியோச் சத்தத்தைக் கூட்டுவார்கள்.

டார்க் கன்வர்ட்டருக்குள் ஒரு லாக்-அப் கிளட்ச் இருக்கிறது. சீரான வேகத்தில் எஞ்சினையும் கியர்பெட்டியையும் நேரடியாகப் பூட்டி வைப்பது அதன் வேலை. அது முழுதாகப் பிடிக்காமல், முழுதாக விடாமல் இழுபறி செய்வதுதான் இந்த நடுக்கம். சோதிக்க எளிய வழி உண்டு. ஆளில்லாத சாலையில், நடுக்கம் வரும்போது ஆக்சிலரேட்டரில் வைத்த காலை எடுக்காமல், இடது காலால் பிரேக் பெடலைப் பின்விளக்கு எரியும் அளவுக்கு மட்டும் தொடுங்கள். பிரேக் சுவிட்ச் அசைந்ததும் லாக்-அப் விடுபடும். ஆர்பிஎம் சில நூறு ஏறும். நடுக்கம் அந்தக் கணமே நின்றால் குற்றவாளி கன்வர்ட்டர் பக்கம். நிற்காமல் தொடர்ந்தால் எஞ்சினில் ஒரு சிலிண்டர் சரியாக எரியவில்லை, அல்லது புரொப்பெல்லர் ஷாஃப்டின் மூட்டு தேய்ந்திருக்கிறது.

கன்வர்ட்டர் நடுக்கத்துக்குத் திரவம் மாற்றுவது பல வண்டிகளில் உண்மையாகவே பலன் தருகிறது. திரவத்தில் உராய்வைச் சீராக்கும் பொருள் ஒன்று இருக்கும்; நாள்பட அது தீர்ந்துபோகிறது. 1970-களின் தொடக்கம் வரை அதற்கு ஸ்பெர்ம் திமிங்கிலத்தின் எண்ணெயைச் சேர்த்தார்கள் என்பது இன்று நம்பக் கடினம். வண்டிக்கு உரிய ரகம் இல்லாத திரவம் ஊற்றியிருந்தாலும் இதே நடுக்கம் வரும். மாற்றிய பிறகும் சில நூறு கிலோமீட்டர் பொறுத்துப் பாருங்கள். வண்டியின் கணினி பி0741 என்ற கோளாறுக் குறியீட்டைப் பதிவு செய்திருந்தால் லாக்-அப் ஏற்கெனவே வழுக்குகிறது. அதற்குத் திரவம் மட்டும் போதாமல் போகலாம்.

அறிகுறி: கியர் தாமதமாகவும் உதைத்தும் விழுகிறது

சில பழைய பெட்டிகளில், எஞ்சின் எவ்வளவு உழைக்கிறது என்பதை அதன் உறிஞ்சு விசையை வைத்துக் கியர்பெட்டிக்குச் சொல்வது வாக்குவம் மாடுலேட்டர்; முதலில் அதற்குப் போகும் ரப்பர் குழாயைப் பாருங்கள். வெடித்தோ கழன்றோ இருந்தால், எஞ்சின் எப்போதும் முழு மூச்சில் உழைக்கிறது என்று பெட்டி நம்பிவிடும். கணினிக் கட்டுப்பாடு உள்ள வண்டிகளில் பாட்டரியின் மின்னழுத்தம், தரைக் கம்பி, வேக உணரி, கியர்பெட்டிச் செருகி ஆகியவற்றைப் பார்த்துவிட்டுத்தான் மற்றது. ஒரே கியரில் சிக்கிக்கொண்டு மாற மறுத்தால் அது கணினி தானே போட்டுக்கொண்ட பாதுகாப்பு நிலை. குறியீட்டைப் படிக்காமல் திரவத்தைக் குறை சொல்வதில் பயனில்லை. பி0700 மட்டும் வந்தால் அது வாசல் மணி. உள்ளே வேறொரு குறியீடு காத்திருக்கும்.

அறிகுறி: தரையில் சிவப்புச் சொட்டு

சொட்டு விழுந்த இடத்துக்கு நேர் மேலே கசிவு இருக்கும் என்று நம்பாதீர்கள். ஓடும்போது காற்று திரவத்தைப் பின்னோக்கி இழுத்துச் செல்லும். பெட்டியின் அடிப்பகுதியைக் கழுவிக் காய வைத்து, முகப்பவுடர் தூவி, பத்து கிலோமீட்டர் ஓட்டிப் பாருங்கள். பவுடரில் ஈரக் கோடு எந்த உயரத்தில் தொடங்குகிறதோ அதுதான் இடம். இரவில் அடியில் அட்டை விரித்து, முன்சக்கரங்கள் நிற்கும் இடத்தை அதில் குறித்துவையுங்கள்.

பல பழைய பிக்கப்புகளில் பவர் ஸ்டீயரிங்குக்கும் ஏடிஎஃப்தான் ஊற்றுவார்கள். ஸ்டீயரிங் குழாயில் கசிந்தது வழிந்து கியர்பெட்டியை நனைத்துவிட்டு, பழியை அதன் மேல் போடும். ஸ்டீயரிங் தொட்டியின் அளவைப் பார்ப்பதற்கு அரை நிமிடம்கூட ஆகாது.

எஞ்சினும் கியர்பெட்டியும் சேரும் மணி வடிவக் கூட்டின் (பெல் ஹவுசிங்) அடியிலிருந்து சொட்டினால், பழுப்பு என்றால் எஞ்சினின் பின் சீல், சிவப்பு என்றால் பம்பின் முன் சீல். இரண்டுக்கும் பெட்டியை இறக்கியாக வேண்டும். மற்றவை எளியவை: பான் கேஸ்கட், குச்சிக் குழாயின் ஓ-ரிங், நெம்புகோல் தண்டின் சீல், மின் செருகியின் வளையம், பின்புற ஷாஃப்ட் சீல், ரேடியேட்டருக்குப் போகும் குழாய்கள். நாள்கணக்கில் நின்றால் மட்டும் சொட்டுகிறது, ஓடும்போது இல்லை என்றால் இவற்றில் பானுக்குச் சற்று மேலே, உயரத்தில் உள்ளவற்றைச் சந்தேகியுங்கள். கன்வர்ட்டர் வடிந்து பானின் மட்டம் உயரும்போதுதான் அவை நனைகின்றன.

பான் கசிந்தால் போல்ட்டை இன்னும் இறுக்குவது எல்லோருக்கும் வரும் ஆசை. தகரப் பான் போல்ட் துளையைச் சுற்றி உள்வாங்கி, நடு இடத்தில் தூக்கிக்கொள்ளும், கசிவு கூடும். பல பெட்டிகளில் அந்த போல்ட்டுகளின் இறுக்கம் 15 நியூட்டன் மீட்டரைத் தாண்டாது. கழற்றி, விளிம்பைக் கட்டையில் வைத்துச் சுத்தியலால் மெல்லத் தட்டிச் சமன் செய்து, புதுக் கேஸ்கட் போடுங்கள்.

கசிவை அடைக்கும் என்று விற்கும் மருந்துப் பாட்டில்கள் ரப்பரை ஊத வைக்கின்றன. விறைத்த சீலுக்குச் சில மாதம் கிடைக்கும். விற்கப்போகிறவருக்கு அது போதும். வைத்துக்கொள்ளப் போகிறவருக்குப் போதாது.

அறிகுறி: ஒரு சொட்டும் விழவில்லை, ஆனால் அளவு குறைகிறது

திரவம் ஆவியாகப் போகாது. மூன்று ரகசிய வழிகள் உண்டு.

மாடுலேட்டர் உள்ள பெட்டியில் அதன் உள் சவ்வு கிழிந்தால், எஞ்சின் அந்தக் குழாய் வழியே திரவத்தை உறிஞ்சி எரித்துவிடும். சைலன்சரில் வெண்புகை வரும். எஞ்சினின் ரிங் தேய்ந்துவிட்டது என்று பயமுறுத்துவார்கள். மாடுலேட்டரிலிருந்து ரப்பர் குழாயை உருவி உள்ளே பாருங்கள். சிவப்பு ஈரம் இருந்தால் எஞ்சினைப் பிரிக்க வேண்டியதில்லை. மாடுலேட்டர் கையளவுப் பொருள், ஒரே போல்ட்டிலோ திருகிலோ மாட்டியிருக்கும்.

நான்கு சக்கர இயக்கம் உள்ள வண்டியில், கியர்பெட்டிக்கும், சக்தியை முன், பின் சக்கரங்களுக்குப் பிரித்தனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸுக்கும் நடுவில் உள்ள சீல் தேய்ந்தால் திரவம் இங்கிருந்து அங்கே குடிபெயரும். டிரான்ஸ்ஃபர் கேஸின் நிரப்புத் திருகைத் திறந்ததும் பொளக்கென்று வழிந்தால் விடை கிடைத்துவிட்டது.

மூன்றாவது வழி ரேடியேட்டர். அதற்குத் தனித் தலைப்பே வேண்டும்.

அறிகுறி: குச்சியில் ஸ்ட்ராபெரிப் பால்

இளஞ்சிவப்பில் கெட்டியான பால் போல ஏதாவது குச்சியில் வந்தால் எஞ்சினை அணைத்துவிடுங்கள். பணிமனைக்கு ஓட்டிப் போகாதீர்கள், கட்டி இழுத்துப் போகச் செய்யுங்கள்.

பல பிக்கப்புகளில் கியர்பெட்டியின் திரவம் ரேடியேட்டரின் உள்ளே இருக்கும் ஒரு சிறு குளிர்விப்பான் வழியே சுற்றி வருகிறது. அந்தச் சுவரில் ஓட்டை விழுந்தால் கூலண்டும் ஏடிஎஃப்பும் கலக்கும். 2005–2010 நிசான் ஃபிரான்டியர் இந்த ஒரு கோளாறுக்காகவே பெயர் பெற்றது. உராய்வுப் பட்டைகள் காகித நாரால் ஆனவை; உலோகத் தட்டில் பசையால் ஒட்டியிருக்கும். நீர் புகுந்தால் நார் ஊறிப் பசை விடும். ஆகவே ரேடியேட்டரை மாற்றித் திரவத்தையும் மாற்றிவிட்டால் தீர்ந்தது என்று எண்ண முடியாது. கலந்த அன்றே பிடித்து, பலமுறை வடித்து நிரப்பினால் தப்பிக்க வாய்ப்பு உண்டு. வாரக்கணக்கில் ஓடியிருந்தால் பெட்டியைப் பிரித்தாக வேண்டும்.

ஆனால் இளஞ்சிவப்பு நுரையெல்லாம் பால் அல்ல. கண்ணாடிக் குவளையில் எடுத்து ஒரு மணி நேரம் வையுங்கள். காற்றுக் குமிழிகள் என்றால் தெளிந்து சிவப்பாகிவிடும். நீர் என்றால் பாலாகவே இருக்கும். கூலண்ட் அளவு குறையாமல், அதில் எண்ணெய்ப் படலமும் இல்லாமல், திரவம் மட்டும் பாலானால் வண்டி ஆழமான நீரில் இறங்கியிருக்கும். மூச்சுக்குழாய் வழியே நீர் போயிருக்கும்.

பழைய ரேடியேட்டர் உள்ள வண்டியை வாங்கினால், கோளாறு வரும் வரை காத்திராமல் அதை மாற்றிவிடுவது என் வழக்கம். அல்லது அந்த உட்குழாயைத் தவிர்த்து வெளியே தனிக் குளிர்விப்பான் வைக்கலாம்.

அறிகுறி: ஊளைச் சத்தம்

பார்க்கில் நிற்கும்போதும் எஞ்சின் வேகத்தோடு ஏறி இறங்கும் ஊளை பம்பிலிருந்து வருகிறது. ஃபில்டர் மாற்றிய உடனே தொடங்கினால், ஃபில்டர் கழுத்தின் சீலைப் பாருங்கள். பழைய சீல் துளையிலேயே ஒட்டிக்கொண்டிருக்க, அதன் மேலேயே புதியதைச் செருகிவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. பம்ப் காற்றை இழுக்கும். வண்டி ஓடும்போது மட்டும் கேட்டு, நிறுத்தினால் மறையும் ஒலி பற்சக்கரங்களுடையதாகவோ டிஃபரன்ஷியலுடையதாகவோ இருக்கலாம்.

அறிகுறி: பாரம் இழுத்தால் சூடு, வாடை

சுமார் 80 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10–11 டிகிரி உயர்வுக்கும் திரவத்தின் ஆயுள் பாதியாகும் என்பது மெக்கானிக்குகளின் தோராயக் கணக்கு. பாரத்தோடு மேட்டில், உச்சக் கியரான ஓவர்டிரைவிலேயே விட்டால் பெட்டி இரண்டு கியருக்கு நடுவே திரும்பத் திரும்ப அலைபாய்ந்து சூடேறும், ஓவர்டிரைவை அணையுங்கள். குளிர்விப்பானின் முன்பக்கம் பூச்சியும் புழுதியும் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். முன்பு ஒருமுறை பெட்டி பழுதாகி, குளிர்விப்பானை மாற்றாமல் விட்டிருந்தால் உள்ளே உலோகத் தூள் தங்கி ஓட்டம் தடைபட்டிருக்கும். ஒரு வெப்பமானி பொருத்திக்கொண்டால் இத்தனை ஊகமும் தேவையில்லை.

பானைக் கழற்றும்போது

மேலே சொன்னவற்றில் பாதிக்கு இறுதிச் சாட்சி பானின் அடியில் இருக்கிறது. உள்ளே உள்ள காந்தத்தில் சாம்பல் நிறக் குழம்பு மெல்லியதாகப் படிந்திருப்பது இயல்பு. ஊசி போன்ற இரும்புச் சிம்புகள், பித்தளை நிறச் செதில்கள், கரும்பட்டைத் துண்டுகள் இயல்பல்ல. பித்தளை என்றால் புஷ் அல்லது வாஷர் தேய்கிறது. கரும்பட்டை என்றால் கிளட்ச். ஃபோர்டு வண்டியில் சிறிய பிளாஸ்டிக் மூடி ஒன்று பானில் கிடந்தால் பதற வேண்டாம். தொழிற்சாலையில் குச்சிக் குழாய்த் துளையை அடைத்திருந்த மூடி அது. குழாயைப் பொருத்தும்போது உள்ளே தள்ளிவிடுவார்கள். அது இன்னும் அங்கே கிடக்கிறது என்றால் இந்தப் பான் இதுவரை திறக்கப்படவே இல்லை. ‘தவறாமல் மாற்றி வந்தோம்’ என்று விற்றவர் சொன்னதற்கு அதுவே பதில்.

வடிந்ததை அளந்து வையுங்கள்; அதே அளவில் தொடங்கித்தான் ஊற்ற வேண்டும். பானைக் கழற்றினால் மொத்தத் திரவமும் வராது. மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை வரும். மிச்சம் கன்வர்ட்டரில் இருக்கும். ஒரு முறைக்கு 40 சதவீதம் மாறுகிறது என்று வைத்துக்கொண்டால், மூன்று முறை மாற்றிய பிறகு பழையது ஏறக்குறைய 22 சதவீதம்தான் எஞ்சும்.

பல ஆண்டு மாற்றாத திரவத்தை மாற்றினால் பெட்டி செத்துவிடும் என்ற பயம் ஊறிப்போயிருக்கிறது. செத்த பெட்டிகளில் பல, வழுக்கத் தொடங்கிய பிறகு கடைசி நம்பிக்கையாகத் திரவம் மாற்றப்பட்டவை. கிளட்ச் அதற்கு முன்பே போயிருந்தது. கருகல் வாடை இல்லை, வழுக்கல் இல்லை, பானில் சிம்புகள் இல்லை என்றால் நான் மாற்றிவிடுவேன். பானை இறக்கி, ஃபில்டர் போட்டு, சில வார இடைவெளியில் இரண்டு மூன்று முறை. அழுத்தம் கொடுத்துக் கழுவும் இயந்திரத்தைப் பழைய பெட்டியில் மாட்ட விட மாட்டேன். மூலைகளில் அமைதியாகக் கிடக்கும் அழுக்கைக் கிளப்பி வால்வுகளுக்குள் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்கு அது போதும். வழுக்கல் ஏற்கெனவே கடுமையாக இருந்தால் திரவத்துக்குச் செலவழிப்பதைப் பழுதுபார்ப்புக்கு ஒதுக்கி வையுங்கள்.

எந்த ரகம் என்பதில் கையேடுதான் நீதிபதி. டெக்ஸ்ரான் 2, 3 கேட்ட ஜெனரல் மோட்டார்ஸ் பெட்டிகளுக்கு இன்று டெக்ஸ்ரான் 6 ஊற்றலாம் என்று அந்த நிறுவனமே சொல்கிறது. மெர்க்கான் கேட்ட ஃபோர்டுகளுக்கு மெர்க்கான் 5. ஏடிஎஃப்+3 கேட்ட கிறைஸ்லர் பெட்டிகளுக்குப் பொதுவாக ஏடிஎஃப்+4. டைப் எஃப் கேட்கும் பழைய ஃபோர்டில் டெக்ஸ்ரான் ஊற்றினால் கியர்கள் மொழுமொழுவென்று விழும். டெக்ஸ்ரான் கேட்கும் பெட்டியில் டைப் எஃப் ஊற்றினால் உதைக்கும். டொயோட்டாவின் டி-4, டபிள்யூஎஸ் இரண்டும் ஒன்றுக்கு ஒன்று மாற்றல்ல. ‘எல்லா வண்டிக்கும் ஏற்றது’ என்று எழுதிய பாட்டிலை நான் பவர் ஸ்டீயரிங்குக்கு வைத்துக்கொள்கிறேன்.

இதற்கு மேல்

அளவு சரி, திரவம் நல்லது, கேபிளும் குழாயும் சரி, குறியீடு இல்லை, ஆனாலும் வழுக்குகிறது என்றால் அடுத்த படி அழுத்தச் சோதனை. பெட்டியின் பக்கவாட்டில் ஒரு சிறு திருகைக் கழற்றி 300 பிஎஸ்ஐ வரை காட்டும் அளவியைப் பொருத்தி, ஒவ்வொரு கியர் நிலையிலும் கையேட்டு எண்களோடு ஒப்பிட வேண்டும். எல்லா நிலையிலும் குறைவு என்றால் பம்ப் அல்லது அழுத்தச் சீராக்கி; ஒரே நிலையில் மட்டும் குறைவு என்றால் அந்தக் கியரின் சீல். பிரேக்கை மிதித்துக்கொண்டு ஆக்சிலரேட்டரை முழுதாக அழுத்தும் சோதனையை யாராவது பரிந்துரைத்தால், வயதான பெட்டியில் செய்ய விடாதீர்கள். சில விநாடியிலேயே திரவம் கடுமையாகச் சூடேறும். மிச்சமிருந்த கிளட்ச்சையும் அது தின்றுவிடும்.

பணிமனைக்குப் போவதற்கு முன் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள்: ஆறியபோதா சூட்டிலா, எந்தக் கியரில், எந்த வேகத்தில், குச்சி காட்டியது எவ்வளவு, கடைசியாக ஊற்றியது எந்த ரகம். ஒரு சிறு புட்டியில் பழைய திரவத்தையும் எடுத்துப் போங்கள். அதை முகர்ந்து பார்க்காமலேயே ‘பெட்டியை மாற்ற வேண்டும்’ என்று சொல்லும் மெக்கானிக்கிடம் நன்றி சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பிக்கொள்ளுங்கள்.